பத்து மணி மயக்கம்

...சொகமில்லாதவங்களயும் பாத்துக்கிறவங்களயும் கூப்பிட்டு வச்சு, எத ஆராய்ச்சி பண்ணலாம்னு எங்ககிட்டயே கேட்டா? படிச்சது அவங்க. நான் அஞ்சாவது. பரீட்சப் பேப்பர் கட்ட மடியில வச்சுக்குங்க மாஸ்டர், பஸ்ஸு பெல்மதுள போய்ச்சேர நேரங்கெடக்கு.

கெம்பஸ்லருந்து தயாளினி மிஸ் வந்தாங்க. கதிரய வட்டமாப் போட்டு ஒக்கார வச்சாங்க. ஆளுக்கொரு மாலு பாண், மீன் வச்சது, ஆறிப்போனது. லயத்துல ஒருத்தரும் வாயத் தொறக்கல. நானும் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "எம் பொஞ்சாதி சுப்பம்மாவுக்கு பிரஷரு. கொழுந்தெடுக்கிற எடத்துல பத்து மணியானா தல சுத்துது. போன மாசம் உருண்டு தண்ணி ஓடுற கானுக்குள்ள விழுந்தா. கிளினிக்குல குடுக்கிற பிரஷர் குளிச சரியில்ல, அத ஆராயுங்க"ன்னேன்.

ஒடனே பதினோரு பொம்பளைங்க, எனக்குந்தான் எனக்குந்தான்னு கை தூக்குறாளுக. மிஸ்ஸுக்கு ஒரே சந்தோசம். கன்னையா ஐயா கேட்டதுதான் ஆராய்ச்சிக்கு மொதக் கேள்வியாம். என்னையக் கமிட்டியில வேற போட்டுட்டாங்க. இப்ப மாசாமாசம் இந்த பஸ்ஸு.

விட்டாங்களா? ஒரு கொப்பி. எந்தக் குளிச, எத்தன மணிக்கு, யார் குடுத்தது... ரெண்டு கெழம, பதினாலு நாளும் எழுதணும். எழுதினேன். காலையில அஞ்சு மணி, சாயத்தண்ணி, ரெண்டு குளிச.

ஏன் அப்புடிப் பாக்குறீங்க? காலையில ஒண்ணு, ராவைக்கு ஒண்ணுன்னு கிளினிக்குல சொன்னாங்கதான். ராவைக்கு அவ அசந்துர்றா. எழுப்பினா ஏசுவா. ஒண்ணாக் குடுத்தா மறக்காது பாருங்க.

முந்தாநேத்து சுப்பம்மா அந்தக் கொப்பிய எடுத்து வாசிச்சா. நேத்துக் காலையில ஒரு குளிசய முழுங்கிட்டு, மத்தத ராவைக்குன்னு சீலத் தலப்புல முடிஞ்சுகிட்டுப் பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போயிட்டா. பத்து மணி, பதினோரு மணி... அவளுக்குத் தல சுத்தல. எனக்குத்தான் சுத்துது.

அந்தப் பதினோரு வீட்டுலயும் அப்புடித்தான் குடுக்கிறாங்க மாஸ்டர். யார் சொல்லிக் குடுத்ததா? லயத்துல குளிச விசயம் தெரிஞ்சவன் நான் ஒருத்தந்தானே.

இன்னைக்குக் கமிட்டியில கொப்பியக் குடுக்கணும். பஸ்ஸுல தவறிப்போச்சுன்னு சொல்லலாமா? நீங்க படிச்சவரு, ஒரு வழி சொல்லுங்க.

எங்க எந்திரிக்கிறீங்க? பெல்மதுள இன்னும் வரலயே... மாஸ்டர்?

சரி, போங்க. நாளைக்கு அஞ்சு மணிக்குப் பதினோரு பேரும் குளிசைக்கு வாயத் தொறப்பாளுக. அதுக்கு முன்ன நான் தொறந்தாகணும்.