கர்தேஷுக்குப் படைச்ச சோறு

ஐயய்யோ, காலை எடும்மா! அந்தப் பொட்டி மேல வைக்காத. உள்ள சூப்பு இருக்கு. மாட்டுக்கறி சூப்பு. எனக்கும் இல்ல, உனக்கும் இல்ல, செத்தவருக்கு. எழுபது வருஷத்துக்கு மேல ஆச்சு அவரு செத்து. இன்னும் சூடா வேணுமாம்... நான் என்ன பண்ணட்டும்?

இந்த ரயில்ல பூசான் வரைக்கும் தூக்கிட்டுப் போறேன். அங்க கல்லறைத் தோட்டம் இருக்கில்ல, நம்ம கொரியாச் சண்டைக்கு வெளிநாட்டுலேருந்து வந்து செத்தவங்களுக்கு? அங்கதான். நீ எங்க இறங்கணும்? தேகுவா? அப்ப நேரம் இருக்கு. அந்தக் காதுல மாட்டினதக் கழட்டு, காது கெட்டுப்போகும்.

கல்யாணம் ஆச்சா உனக்கு? ஆகலையா... தப்பிச்ச. ஆகுறதா இருந்தா மூத்த பையனா மட்டும் பாக்காத, கண்ணு. நான் பாத்தேன். சாங்கில்னு பேரு. ஆளு தங்கம்தான், குறை சொல்லக்கூடாது. ஆனா அந்த வீட்டுல செத்தவங்க அத்தனை பேரும் மூத்த மருமக கையாலதான் சாப்பிடுவாங்க. மாமனாரோட அப்பாவுக்குப் படையல், தாத்தாவுக்குப் படையல், அந்தத் தாத்தாவோட ரெண்டாம் சம்சாரத்துக்கும் படையல். சியோல்ல ஒரு ஓரகத்தி இருக்கா எனக்கு. படையல் அன்னிக்குன்னா டாண்ணு தலைவலி வந்துரும் அவளுக்கு. காலண்டர் பாத்து வர்ற தலைவலிய நீ எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா?

சரி, சொந்தக்காரங்களுக்குச் செய்யலாம். முறை. கல்யாணம் ஆகி வந்த முதல் குளிர்காலம், மாமனாரு அடுப்படி வாசல்ல வந்து நிக்கிறாரு. "மருமகளே, நாளைக்குக் கர்தேஷுக்குப் படையல். பன்றிக்கறி ஆகாது, சாராயம் ஆகாது"ங்கிறாரு. யாரு மாமா கர்தேஷுன்னேன். "துருக்கிக்காரரு"ன்னுட்டுப் போயிட்டாரு. அவ்வளவுதான். புதுப்பொண்ணு நான், துருக்கி எந்தத் திசையில இருக்குன்னே தெரியாது. மாட்டுக்கறி வாங்கி, குச்சியில கோத்து வாட்டி, சாராயத்துக்குப் பதிலா இனிப்புச் சோத்துத்தண்ணி காய்ச்சி... அன்னிக்குப் புடிச்ச கரண்டி, கண்ணு. இன்னும் விடல.

அப்புறம் மாமியாதான் கதையச் சொன்னாங்க. மாமனாரு சண்டையில துப்பாக்கி புடிச்ச ஆளு இல்ல. முதுகுல மரச்சட்டம் கட்டிக்கிட்டு மலைமேல குண்டு சுமந்த ஆளு. மான்சிக்னு அவரு பேரைச் சொன்னா ஊருல அப்ப யாருக்கும் தெரியாது, வெறும் கூலி. துருக்கிப் பட்டாளத்துக்குச் சுமந்தாரு. வடக்க, பனியில, சீனாக்காரன் நாலாப் பக்கமும் வந்துட்டான், எல்லாரும் பின்வாங்குறாங்க. இவருக்குக் கால்ல குண்டு. கிடக்குறாரு. அப்ப இந்தத் துருக்கிக்காரரு வந்து, இவரோட சட்டத்துலயே இவரை உக்கார வச்சு, முதுகுல தூக்கிக்கிட்டு மலை இறங்கியிருக்காரு. சுமந்தவனையே சுமந்தாரு, பாரு.

கீழ ஒரு லாரி. ஒரு ஆளுக்குத்தான் இடம். இவரைத் தூக்கி உள்ள போட்டுட்டு, அந்த ஆளு தன் நெஞ்சைத் தொட்டாரு, அப்புறம் இவரு நெஞ்சைத் தொட்டாரு, "கர்தேஷ்"னாரு. நம்மாளு என்ன நினைப்பாரு? 'என் பேரு கர்தேஷ், உன் பேரு என்ன'ன்னு கேக்குறாருன்னுதானே? "மான்சிக்"னு சொன்னாராம். அவரும் தலைய ஆட்டுனாராம். லாரி கிளம்பிருச்சு. அந்த ஆளு திரும்பி மலை ஏறுனாரு. அவ்வளவுதான், வரல.

இரு, இந்தப் பொட்டியக் கொஞ்சம் உன் பக்கம் தள்ளிக்கிறேன், என் முட்டி மடங்க மாட்டேங்குது... ஆங்.

மாமனாருக்கு ஒரே கவலை. "சின்ன வயசு ஆளு. பொண்டாட்டி புள்ள இருந்திருக்காது. யாரு சோறு வைப்பா?"ன்னு. அவங்க ஊர்ல செத்தவங்களுக்குச் சோறே வைக்க மாட்டாங்களாம்! அப்ப செத்தவங்க பசிக்கு என்ன பண்ணுவாங்க? கேட்டா யாருக்கும் தெரியல.

மாமனாரும் போய்ச் சேந்துட்டாரு. போறப்பயும் என்னைக் கூப்பிட்டுத்தான் சொன்னாரு. பெத்த புள்ளைங்க ரெண்டு பேரு கட்டில் பக்கத்துல நிக்கிறாங்க, என்னைப் பாத்து, "கர்தேஷ் சோறு"ங்கிறாரு. நானும் சரின்னு தலைய ஆட்டிட்டேன். ஆட்டுன தலை. என்ன பண்றது.

ஆனா உள்ளுக்குள்ள ஒரு கணக்குப் போட்டேன். ஏன்டி, இந்த ஆளு நமக்கு என்ன உறவு? ரத்தமா, சொந்தமா? நல்லது பண்ணாரு, சரி, இத்தனை வருஷம் வயிறாரப் போட்டாச்சு. அவரு ஊர்ல அவருக்குன்னு அண்ணன் வீடோ தங்கச்சி வீடோ இல்லாமலா போகும்? அந்த வீட்டுல ஒரு மருமக இருப்பாளே! கண்டுபிடிச்சு, "இந்தாம்மா, உங்க ஆளு. இனிமே நீ பாத்துக்க, பன்றிக்கறி மட்டும் போட்டுராத"ன்னு ஒப்படைச்சிட்டா, எனக்கு வருஷத்துல ஒரு படையல் மிச்சம். தப்பா? நீயே சொல்லு. முட்டிவலிக்காரி நினைச்சது தப்பா?

எங்க வீட்டுக்காரரு வேணாம்னாரு. "அப்பா இருந்த வரைக்கும் தேடல, நீ எதுக்குத் தேடுற? சும்மா கிட"ன்னாரு. நான் கிடந்தேனா? கல்லறைத் தோட்டத்துக்குப் போனைப் போட்டேன். அந்தப் பொண்ணு பாவம், ரொம்ப நேரம் தேடிப் பாத்துட்டு, அப்படி ஒரு பேரு துருக்கிக்காரங்கள்ல இல்லவே இல்லங்கம்மாங்குது. எனக்கு வந்ததே கோபம்! இத்தனை வருஷமா சாப்பிட்ட மனுசன், பேரு இல்லைன்னா எப்படி?

அப்பதான் எங்க ஊர் சந்தையில அந்த ஐஸ்கிரீம்காரன் ஞாபகம் வந்துச்சு. தைஃபுன்னு ஒருத்தன், துருக்கிப் பையன். கோனை நீட்டுவான், நீ கை வச்சா இழுத்துக்குவான், சுத்துவான், தலைகீழாக் காட்டுவான்... புள்ளைங்க சிரிக்கும். எனக்குப் புடிக்காது. தர்றதுன்னா தா. அவன்கிட்டப் போயி, "தம்பி, கர்தேஷ்னு உங்க ஊர்ல எந்தக் குடும்பம்?"னேன். சிரிச்சான். "பாட்டி, அது பேரு இல்ல"ங்கிறான்.

பேரு இல்லையா? அடேய், வருஷா வருஷம் நான் பொங்கிப் போடுறேன்டான்னு, லாரிக் கதை பூராவும் சொன்னேன். நெஞ்சைத் தொட்டதையும் செஞ்சு காட்டுனேன். முதல்ல அவரு நெஞ்சு, அப்புறம் இவரு நெஞ்சு. அந்தப் பையன் சிரிப்பு நின்னுபோச்சு. "பாட்டி... அது கூடப்பொறந்தவன்னு அர்த்தம். நீயும் நானும் கூடப்பொறந்தவங்கன்னு சொல்லியிருக்காரு"ன்னான்.

அன்னிக்கு அந்தப் பையன் கோனை இழுக்கல, சுத்தல. நேரா என் கையில குடுத்தான். எனக்குத் திங்கத் தோணல. உருகிச் சட்டையெல்லாம் ஒழுகிருச்சு.

பேசாம வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல? வீட்டுல வந்து உளறிட்டேன். எங்க வீட்டுக்காரரு கையோட சியோலுக்குப் போனைப் போட்டு, தம்பி தோக்சூவக் கூப்பிட்டாரு. "டேய், அவரு யாரோ இல்லடா. அப்பாவோட கூடப்பொறந்தவரு"ங்கிறாரு. உடனே ஆரம்பிச்சுட்டாங்க ரெண்டு பேரும். அண்ணனா, தம்பியா? அண்ணன்னா அவரு படையல்தான் முதல்ல, தம்பின்னா அப்பாவுக்கு அப்புறம். தைஃபுனைக் கேட்டா, "எங்க ஊர்ல ரெண்டுக்கும் அதே சொல்லுதான் பாட்டி"ங்கிறான். பெரியவன் சின்னவன் தெரியாம அது என்ன பாஷை? ஊரே எப்படி நடக்குது? அந்தத் தோக்சூ இருக்கானே, அந்தக் காலத்துல எத்தனை வயசுலேருந்து பட்டாளத்துல சேத்தாங்கன்னு போனுல தேட ஆரம்பிச்சுட்டான். நேரம் போயிக்கிட்டே இருக்கு.

நான் அடுப்படியில பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்தேன். எனக்குப் பொறுக்கல. அங்கேருந்தே கத்துனேன்: "அண்ணன்தான்! லாரியில ஒரு ஆளுக்குத்தான் இடம். இன்னொருத்தன ஏத்திவிட்டுட்டுக் கீழ நிக்கிறவன் அண்ணனா இல்லாம வேற யாரு?"

எங்க வீட்டுக்காரரு வாசப்பக்கம் போயி நின்னுக்கிட்டாரு. அழுதாரு, எனக்குத் தெரியும். நானும்தான். பூண்டுன்னு சொல்லிக்கிட்டேன்.

ஆனா பாரு, தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க? அண்ணன்னு சொன்னதும் நான், பேரு தேடுனதும் நான். வீட்டுப் பெரியவரு ஆயிட்டாருல்ல இப்ப? வருஷப் படையல் ஒண்ணோட போகுமா? புது வருஷத்துக்கும் அவருக்கு ஒரு கிண்ணம், அறுவடைப் பண்டிகைக்கும் ஒரு கிண்ணம். ஒண்ணைக் குறைக்கப் போயி மூணாக்கிட்டு வந்து நிக்கிறேன். ஓரகத்திக்கு இப்பவே தலை வலிக்குதாம்.

இன்னிக்குத்தான் அந்த நாள். அங்க அவரு உடம்பு கிடக்குதோ, வடக்க அந்த மலையிலயே கிடக்குதோ, யாருக்குத் தெரியும். சுவருல எல்லார் பேரும் வெட்டியிருக்காங்களாம். அதுல எது அவரு பேருன்னும் தெரியாது. போயி முன்னால உக்காந்துக்குவேன். சாப்பாடு வைக்கக் கூடாதுன்னு காவக்காரர் சொன்னா, என் மடியில வச்சுக்குவேன். மடியில வைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா? "மச்சாண்டரே, உங்க..." ஐய, தப்பு தப்பு. மாமனாரோட அண்ணன்னா பெரிய மாமா இல்ல? "பெரிய மாமா, உங்க தம்பி மான்சிக் வீட்டு மருமக வந்திருக்கேன்"னு சொல்லணும். காலையிலேருந்து சொல்லிச் சொல்லிப் பாக்குறேன், முறை இன்னும் வாயில வரல. இத்தனை வருஷம் வெறும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கோமே, பெரியவங்களை...

என்னம்மா எழுந்திரிச்சிட்ட? பூசான் வந்துருச்சா? அடியேய், நீ தேகுல இறங்கணும்னு சொன்னியே! எப்பவோ போயிருச்சே தேகு! வாய்விட்டுச் சொல்ல வேணாமா?... கண்ணைத் துடை முதல்ல. பூண்டுகூட இல்ல இங்க.

சரி, வந்தது வந்துட்ட. கீழ இருக்குற அந்தச் சூப்புப் பொட்டியத் தூக்கு. சாய்க்காம, சாய்க்காம! சீக்கிரம் வா, சூப்பு ஆறுது. வீட்டுக்குப் பெரியவரு, ஆறுனதையா வைக்க முடியும்?