சைரன் விழாத ஒலிப்பதிவு

டொரொன்டோவில் ஒலிப்பதிவுக்கு ஏற்ற இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. நான் தொழில் தொடங்கிய சென் ஜேம்ஸ் ரவுண் அறையில் ஆம்புலன்ஸ் சைரன் ஓயவே ஓயாது. பிறகு மோர்னிங்சைட்டில் ஒரு கார் கராஜுக்கு மேலே இடம் எடுத்தேன். அங்கேயும் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். அடுத்த அறையில் யாராவது இருமினாலே மைக்கில் விழும்.

அட்சயா பொலிஸுக்கு வந்து உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. இத்தனை வருடம் ஞாபகம் வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி. ஆனால் தொழில் தெரியாத பிள்ளை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

யப்பானியக் கார்ட்டூன்களுக்குத் தமிழில் குரல் கொடுத்து டிவிடியாக விற்றேன். இளசுகள் அனிமே என்பார்கள். வாங்கியவர்கள் பெற்றோர். வீட்டில் பிள்ளையோடு ஆங்கிலத்தில் கொஞ்சிவிட்டு, தமிழை மட்டும் மரக்கறிக் கடையில் பத்து டொலருக்கு வாங்க வந்தவர்கள். கத்தரிக்காயை அமத்திப் பார்த்து எடுக்கிற சனம், என் டிஸ்க்கை அட்டைப்படத்தைப் பார்த்து எடுத்தது. ரூஜ் பக்கம் புதுவீடு குடிபூருகிறவர்களுக்கு அதைப் பரிசாகக்கூடக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரையும் நான் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

குரல் கொடுக்க வந்த பிள்ளைகள் எல்லாம் பேச்சுப்போட்டிக்கு வந்ததுபோலக் கத்தும். எட்டு வயது அட்சயா மட்டும் வேறு. கலங்கரை விளக்கத்தில் வளரும் ஒரு பையனுக்கு அவள்தான் குரல். ஆனால் அழத் தெரியாது. ஒருநாள், "உன்ரை அம்மா காரில அடிபட்டிட்டா" என்றேன். அப்படியொரு அழுகை. பதிவு முடிந்ததும் பகிடி என்று சொல்லி, சொக்லேட் கொடுத்தேன். அந்த டிஸ்க்கைக் கேட்டு ஸ்காபரோவே மூக்கைச் சிந்தியது. என்னைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

பிறகு எல்லாவற்றையும் போனில் பார்க்கத் தொடங்கினார்கள். கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். பதிவு செய்ய ஒரேயொரு தொகுதி மிச்சம். பையனின் அம்மா கப்பலேறிப் போகிற காட்சி. அது நன்றாக வந்தால் விட்டுப்போனவர்கள் எல்லாரும் வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வருவார்கள் என்று நம்பினேன்.

அட்சயாவின் தாய் துவாரகாவுக்குத் தொய்வு. குளிருக்கு மூச்சு முட்டும், இருமல் வரும். அந்த இருமல் பதிவில் விழுந்ததால், கீழே காரில் போய் இருக்கச் சொன்னேன். தை மாதம். தொய்வுக்கு இழுக்கிற பம்ப் இருந்த கைப்பையை மேலே மறந்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் போன் எடுத்தார்.

"அண்ணை, மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு. கைப்பைக்குள்ள பம்ப் கிடக்கு, கெதியாக் கொண்டு வாங்கோ."

பம்ப் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. "அம்மாக்கு மூச்சு எடுக்கேலாதாம்" என்று அட்சயாவிடம் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "அங்கிள், உது பழைய ட்ரிக். ஐ நோ."

திரைச்சீலையை விலக்கிக் காட்டினேன். துவாரகா காருக்கு வெளியே, பனியில் முழங்காலில் இருந்தார். எங்களைத்தான் பார்த்தார். பிள்ளை கைப்பையை நோக்கிப் பாய்ந்தாள். அதற்கு முன் பம்பை எடுத்து என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"முதல்ல வசனத்தைச் சொல்லு. பிறகு குடுக்கிறன்."

சொன்னாள். முதல் தடவை விக்கலில் பாதி வசனம் போய்விட்டது. மறுபடி சொல்லவைத்தேன். மூன்று தடவை எடுத்தோம். அதுவரை ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. சைரன் வந்தால் பதிவு பாழாகிவிடும். முடிந்த கையோடு கூப்பிட்டது நான்தான். பம்பைக் கொண்டு இறங்கி ஓடியதும் நான்தான். அதை அட்சயா சொல்லவில்லை போலும். நான் போனபோது துவாரகாவுக்கு மூச்சில்லை.

போன் வந்தது தெரியாது என்றேன். ஊரே நம்பியது. செத்தவீட்டில் எனக்குக் கதிரை போட்டார்கள். அட்சயாவைத் தனியே கூப்பிட்டு, "நீ வசனம் பிழைவிட்டதாலதான் சுணங்கினது" என்றேன். பாவம், அதனால்தான் இவ்வளவு காலம் வாய் திறக்கவில்லை.

டிஸ்க் விற்கவில்லை. நல்ல ஒலி எது என்று அந்தச் சனத்துக்கு எங்கே விளங்கப்போகிறது.

கொலை என்று எழுதப்போகிறீர்கள். எழுதுங்கள். ஆனால் பிள்ளை பிழைவிட்டதால் சுணங்கியது என்று எழுதாதீர்கள், அவளுக்கு நியாயமில்லை. இரண்டாவது தடவையே அருமையாகச் சொல்லிவிட்டாள். மூன்றாவதை, எதற்கும் இருக்கட்டும் என்றுதான் எடுத்தேன்.