விழுங்கிய பிறகு கதைக்கவைத்தவர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் நாகலிங்கம் மாஸ்டர் அவர்களே, எங்கள் பங்குச் சுவாமி அவர்களே, அமரரின் துணைவியார் ஞானாம்பிகை அம்மா அவர்களே, மருந்தறையில் அவரோடு நின்ற தாதி மார்கிரட் மிஸ்ஸி அவர்களே, வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

முதலில் ஒரு மன்னிப்பு. குத்துவிளக்கில் ஒரு திரியை ஏற்றும்படி என்னை அழைத்தீர்கள். ஏற்றினேன். பிறகு கையிலிருந்த நெருப்புக்குச்சியை ஊதினேன். மாஸ்டர் ஏற்றிய திரியும் சுவாமி ஏற்றிய திரியும் அதோடு அணைந்துபோயின. நெருப்புக்குச்சிக்கே பஞ்சமான இந்தத் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் இப்படிச் செய்த இந்தச் சிமியோன், எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. வள்ளத்துக்கு வள்ளம் கத்திப் பழக்கம் உண்டு. ஆகவே ஒலிபெருக்கி இல்லையே என்று பின்வரிசையில் யாரும் கவலைப்பட வேண்டாம்.

நம்முடைய மருந்து வைத்தியர், அப்போதிக்கரி சிவசுப்பிரமணியம் ஐயா, வட்டுக்கோட்டையில் தம் வீட்டு முற்றத்தில், இங்கே கரையூருக்கு வருவதற்காகச் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது சாய்ந்தார். இன்றைக்கு ஒன்பது நாள். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வலையின் கிழிசலைப் பொத்தும்போது ஊசி விரலில் ஏறுகிறது. ரத்தத்தைக் கண்ட பிறகுதான் தெரிகிறது. என்னிடம் கண்ணீரை எதிர்பார்க்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

என் மூத்த மகன் கனிசியஸ் எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து அகதிக் கப்பலில் வந்து இறங்கினான். உடுத்திருந்த ஒரு சாரமும் ஒரு பழக்கமும் கொண்டுவந்தான். தூள். அதற்கு ஹெரோயின் என்று பெயர் இருப்பது எனக்குப் பிறகுதான் தெரியும். இதை இங்கே சொல்லலாமா என்று அவனிடமே கேட்டேன். "என்ரை கதையைச் சொல்லுங்கோ அப்பா. ஆனா உங்கடை முடிச்சுக் கதையையும் சொல்லவேணும்" என்றான்.

சரி, சொல்கிறேன். நான் என்ன செய்தேன்? வைத்தியத்துக்கா கொண்டுபோனேன்? நைலோன் கயிற்றால் கரையிலுள்ள மீன்வாடித் தூணில் கட்டினேன். என் முடிச்சை இந்தக் கரையில் எவனும் அவிழ்க்க மாட்டான் என்று பெருமை வேறு. காலையில் தூண் நின்றது, மகன் இல்லை. அந்த முடிச்சை அவனுக்குப் பழக்கியவனே நான்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எண்பத்தொன்பதில் ஐயா வந்தார். பென்சன் எடுத்த மனுசன், பழைய ஐஸ் கட்டிடத்தின் பின்னறையைத் திறந்தார். அங்கே கட்டில் இல்லை, கயிறு இல்லை. காலையில் வாரும், மருந்தைக் குடியும், இருந்து கதையும், தொழிலுக்குப் போம். பெரியாஸ்பத்திரி டொக்டர் எழுதிக்கொடுத்த கசப்பு மருந்தைத் தன் கையால் சின்னக் கிளாசில் அளந்து கொடுப்பார். தூளுக்கு உடம்பு தவிக்கும் தவிப்பை அது அடக்கும். மாதம் போகப்போக அளவைக் குறைப்பார்.

மருந்தை வாயில் ஒதுக்கிக்கொண்டு வெளியே போய் விற்கிற கெட்டிக்காரரும் இருந்தார்கள். அதனால் ஐயா ஒரு சட்டம் வைத்தார்: விழுங்கியவர் உடனே கதைக்க வேண்டும்.

பசிக்கு வீடு திரும்பியிருந்த கனிசியஸை நான் அங்கே கூட்டிப்போனேன். முதல் நாள் கிளாசை வைத்துவிட்டுக் குனிந்து நின்றான்.

"கதையும் தம்பி."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"நேற்று என்ன கறி?"

"சூடைமீன் சொதி." வாயைத் துடைத்தான். "உப்பில்லை."

கட்டிவைத்த நாளிலிருந்து எட்டு மாதம் என்னோடு ஒரு சொல் கதைக்காதவன் என் வீட்டுச் சொதியை ஊருக்கு அம்பலப்படுத்தினான்! வாயில் மருந்து இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கிய கதை அன்றைக்கு அரை மணித்தியாலம் போனது. மறுநாள் ஒரு மணித்தியாலம். கொழும்பில் என்ன நடந்தது என்பதை நான் அந்த அறையின் வாசலில் நின்றுதான் அறிந்தேன்.

"நீர் ஏன் வாசலிலை நிக்கிறீர், சிமியோன்?"

"மருந்து அவனுக்கு, ஐயா."

"கதை உமக்கும்தான். உள்ளுக்கை வாரும்."

நீர், உமக்கு. கடலுக்குப் போகும் கரையூர்க்காரனை 'நீ' என்று ஒருநாளும் அழைக்காத மனுசர்! நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது?

என் மடத்தனத்தையும் கேளுங்கள். அடுத்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்திய தவசு காலம் வந்தது. தூளும் பழக்கம், மருந்தும் பழக்கம், இரண்டையும் விட்டால்தானே சுத்தம் என்று நாற்பது நாளைக்கு அவன் மருந்தை நிறுத்துவதாக நேர்த்தி வைத்தேன். எட்டாம் நாள் அவன் தூளுக்குத் திரும்பிப் போனான். தலை குனிந்து ஐயாவிடம் கூட்டிப்போனேன். அவர் ஏசவில்லை. முதல் நாள் அளவைக் கிளாசில் ஊற்றி அவனிடம் நீட்டினார். பிறகு என் காதைப் பார்த்தார்.

"தவசுக்குப் பெடியன்ரை மருந்தை விட்டனீர். உம்மடை சுருட்டை?"

சுருட்டு என் காதில்தான் செருகியிருந்தது.

செல் குண்டு விழுந்த நாளிலும் வந்தார். மண்ணெண்ணெய் இல்லாத நாளிலும் வந்தார். 'தூள்காரரின் டொக்டர்' என்று சந்தியில் சிரித்தார்கள், அப்போதும் வந்தார். மருந்து வராத நாளில் கடிதத்தோடு பெரியாஸ்பத்திரி வாசலில் காத்திருந்தார். யாருக்காக? சொந்தத் தகப்பனே தூணில் கட்டிவைத்த பிள்ளைகளுக்காக!

இப்போது கனிசியஸுக்கு ஒரு தேக்கரண்டி அளவுதான். இன்னும் மூன்று மாதத்தில் அதுவும் வேண்டாம் என்று ஐயா சொல்லியிருந்தார். இடையில் நின்றால் மறுபடி முதல் நாள். அவனைப்போல இன்னும் ஐந்து பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். திரும்பிப் பார்க்காதீர்கள், தயவுசெய்து.

ஆகவே இந்தச் சபையில் சொல்கிறேன். மருந்தை எழுதித் தர டொக்டர் இணங்கியிருக்கிறார். அளந்து கொடுக்க மார்கிரட் மிஸ்ஸி இருக்கிறா. கதைக்க ஆள் வேண்டாமா? நாளைக் காலையிலிருந்து ஐயா இருந்த வாங்குப் பலகையில் நான் இருப்பேன். எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் அருமைநாயகியைக் கட்டி முப்பது வருடமாக, குறுக்கே பேசாமல் கேட்கப் பழகியிருக்கிறேன். மற்றத் தகப்பன்மாரும் முறை வைத்து வாருங்கள்.

ஞானாம்பிகை அம்மா, கடைசியாக உங்களுக்கு ஒன்று. செத்தவீட்டில் என் கையைப் பிடித்து, "அழாதையும் சிமியோன், சாகிறதுக்கு முதல் நாளும் அவர் உம்மடை பெடியனைப் பற்றித்தான் கதைச்சவர்" என்றீர்கள். நான் அழவில்லை, அம்மா. என் வாய் துடித்ததை நீங்கள் அழுகை என்று நினைத்தீர்கள். ஐயாவின் காலடியில் நின்றுகொண்டு உங்களிடம் ஒன்று கேட்க வாயெடுத்தேன், வெட்கத்தில் கேட்கவில்லை. ஐயா உங்கள் வீட்டில் வைத்திருந்த போத்தலில் இன்னும் எத்தனை நாளைக்கு மருந்து இருக்கிறது என்பதுதான் அது.