லிஃப்டுல பேய்

— பேய்னு எழுதினது நீங்கதானா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

— நான்தான் சார்.

— பெரிய ஆஸ்பத்திரி லிஃப்டுல பேய். மாலைப் பேப்பர் முதல் பக்கத்துல, கொட்டை எழுத்துல. எங்கயும் வேலைக்குச் சேராம, அவங்களுக்கும் எழுதறீங்க, எங்க காலைப் பேப்பருக்கும் எழுதறீங்க. எங்க டெஸ்க்ல உங்களுக்கு என்ன பேரு தெரியுமா? ரெட்டைப் பேனா.

— தெரியும் சார். நல்லாத்தான் இருக்கு.

— சிரிக்காதீங்க. முதலாளி காலையில கூப்பிட்டு, அந்தம்மா நமக்கு இனிமே வேண்டாம்னுட்டார். ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்னு நான்தான் தள்ளிப் போட்டிருக்கேன்.

— பேய் இருக்குன்னு நான் எழுதல சார். மூணாவது மாடியில கதவு தானாத் திறக்குது, உள்ள லிஃப்டு இல்ல, வெறும் குழி, ஜனங்க பேய்னு பயப்படறாங்கன்னு எழுதினேன். அத்தனையும் நிஜம். தலைப்பு அவங்க வெச்சது.

— பழுதுன்னு எழுத வேண்டியதுதானே?

— எழுதினேனே. போன மாசம், உங்களுக்கு. ஆஸ்பத்திரி தரப்புல பதில் இல்லாம போட முடியாதுன்னு நிறுத்தி வெச்சீங்க.

— ஆமா. அது நம்ம பேப்பர் வழக்கம். அதுல தப்புச் சொல்லாதீங்க.

— சொல்லல சார். அந்த வழக்கத்துக்காகத்தான் உங்களுக்கு எழுதறேன். ஆனா ஆஸ்பத்திரி சூப்பரின்டெண்ட் என் போனையே எடுக்கல. விஷயத்தைச் சொன்ன நர்ஸ் பேரைப் போட்டா அவங்க வேலை போயிடும். நடுவுல ஒரு பொண்ணு, கைக்குழந்தையோட அந்தக் குழியில காலை வெக்கப் போயிருக்கா. பின்னாடி நின்னவர் பிடிச்சு இழுத்திருக்கார். அதைக் கேட்டப்புறம் பதிலுக்குக் காத்திருக்க முடியல.

— உடனே மாலைப் பேப்பருக்குப் போயிட்டீங்க.

— பழுதுன்னா யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க. பேய்னா ஊரே வரும். வந்துச்சு. டிவிக்காரங்களும் வந்தாங்க. மானம் போகுதேன்னு சூப்பரின்டெண்டே மைக்கு முன்னாடி வந்து நின்னார். இந்தாங்க, போன்ல இருக்கு, காதுல வெச்சுக் கேளுங்க.

— கொடுங்க... ‘பேயும் இல்ல, பிசாசும் இல்ல, கதவுப் பூட்டு தேஞ்சுபோச்சு, மாத்தச் சொல்லி மேலிடத்துக்கு எழுதி எழுதிக் கை ஓஞ்சுபோச்சு.’ அடேயப்பா. அவர் வாயாலயேவா?

— பேய் இல்லைங்கிற வரைக்கும் கேட்டுட்டு மத்தவங்க கிளம்பிட்டாங்க. நான் நின்னேன். இதுதான் சார் நீங்க கேட்ட பதில். நேத்து லிஃப்டை நிறுத்திட்டாங்க. ஆனா புதுப் பூட்டு வரணும்னா உங்க பேப்பர்ல வரணும். மேலிடம் படிக்கறது அதைத்தான்.

— நர்ஸ் பேரு?

— எங்கயும் வராது.

— எத்தனையோ பேர் எழுதினதைத் திருத்தியிருக்கேன்மா. இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்ல. நிஜமாவே பெருமையா இருக்கு. கட்டுரை நாளைக்கு முதல் பக்கம். முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்.

— ரொம்ப நன்றி சார். அப்ப நான் கிளம்பட்டுமா?

— ஒரு நிமிஷம். அந்தக் கதவைச் சாத்திட்டு வந்து உட்காருங்க.

— சாத்திட்டேன். என்ன சார்?

— நம்ம அச்சுக்கூடத்துக்குப் பின்னாடி, தீப்பிடிச்சா ஓடறதுக்குன்னு ஒரு வழி இருக்கு. காகித உருளையை அடுக்கி, பூட்டும் போட்டு வெச்சிருக்காங்க. நானும் முதலாளிகிட்ட சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன்.

— அடப்பாவமே.

— மாலைப் பேப்பருக்காக, அங்க பேய் ஏதாவது நடமாடுதான்னு கொஞ்சம் விசாரிங்களேன்.