வாசலில் கழற்றிய சப்பாத்து

சான்ட்ரிங்ஹாமிலிருந்து நகரத்துக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்துக்காரர். இளையவர் சொன்னார்:

"அண்ணை, நேற்றுத்தான் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுப் படுத்தன்."

"அடப்பாவி, வீடு தந்து மூண்டு மாசமெல்லோ?"

"ஓம். றோட்டில படுக்கேக்க கழட்டினா களவு போயிடும். அந்தப் பயம் போகேல்லை. வீட்டை விட்டிட்டுத் திரும்ப றோட்டுக்கே போகத்தான் இருந்தன்."

"பிறகு?"

"மருந்து போட்டனோ, சாப்பிட்டனோ எண்டு பாக்க, வீடு தந்த ஆக்களிட்ட வேலை செய்யிற ஒரு பிள்ளை கிழமைக்கு ஒருக்கா வருவா. வெள்ளைக்காரப் பிள்ளை. நேற்று மழை. சப்பாத்தை வாசலில கழட்டி வச்சிட்டு, 'உள்ள வரலாமோ' எண்டு என்னட்டக் கேட்டா. அப்பதான் அண்ணை, இது என்ர வீடெண்டு விளங்கினது. அவ நல்லா இருக்கோணும்."

"காலமை உன்ர சப்பாத்து இருந்ததோ?"

"வச்ச இடத்திலயே கிடந்தது. ஞாயிறு சாப்பிட வாங்கோ. சப்பாத்தைக் கழட்டினாத்தான் உள்ள விடுவன்."