கைதட்டலையும் கொண்டுபோன வெள்ளைத் தொப்பிக்கு

விசில் எடுத்தால் வேந்தரே! கொடி எறிந்தால் கோமானே! சங்கிலி நீட்டிச் சமநீதி காத்த சான்றோரே! மெல்பேர்ண் மாநகரின் தென்கிழக்கு மூலையிலே, மாரிக் குளிருக்கும் மைதானத்துச் சேற்றுக்கும் முகம் சுளிக்காத மாண்பாளரே! அமெரிக்கப் புட்போல் நடுவர் குழுவின் தலைமகனே, எல்லாருக்கும் அண்ணனான எங்கள் அலியார் நானா அவர்களே! வருக! கதிரையில் அமர்க! நோகும் முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டே இம்மடலைக் கேட்டருள்க!

இந்தப் பிரியாவிடை மடலை எழுதியவர் பக்கக்கோட்டு நடுவர் சிறிதரன். வேறு ஆளில்லையா என்று குழுவில் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார். பாராட்டு மடலில் 'நான்' என்று ஒருவர் தலைகாட்டுவது மரியாதையில்லை என்பது அவருடைய பிடிவாதம். ஆகையால் அவர் இங்கே சிறிதரனாகவே வருவார். வாசிக்கிறவர் சங்கிலி பிடிக்கும் நிரஞ்சினி. சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டு வாசிக்க வேண்டும் என்று அவருக்குக் கட்டளை.

இந்த விளையாட்டை அறியாமல் பிரியாணி வாசத்துக்கு வந்திருக்கும் உறவினருக்காக ஒரு வார்த்தை. பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்து யார் தூரம், அதாவது முப்பது அடி, முன்னேற வேண்டும். முன்னேறினால் அது 'பேர்ஸ்ட் டவுன்', மறுபடியும் நான்கு முயற்சி. தவறினால் பந்து எதிரணிக்கு. முழங்கால் நிலத்தில் பட்டால் ஓட்டம் அங்கேயே முடிந்தது; ஓடியவன் எதுவரை போய் விழுந்தான் என்பதைப் பக்கக்கோட்டில் நிற்பவர் ஓடிவந்து தன் பாதத்தை ஊன்றிக் காட்டுவார். எங்கள் சின்னக் குழுவிலே, அந்தப் பாதத்தைப் பார்த்துப் பந்தை வைக்கிறவர் நடுவில் நிற்கும் தலைமை நடுவர். சந்தேகம் என்றால் பத்து யார் சங்கிலியை இழுத்து அளப்போம். இத்தனை காலமும் பாதம் சிறிதரனுடையது, பந்து வைக்கும் கை உங்களுடையது.

தலைமை நடுவருக்கு மட்டும்தான் வெள்ளைத் தொப்பி; மற்றவர் தலையிலெல்லாம் கறுப்பு. கோட்டில் நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் ஓர் அணியின் பயிற்றுநர் கூட்டம் முழுவதும் நின்று வாய்க்கு வந்தபடி ஏசும். நடுவிலே நிற்கும் உங்களுக்கோ காற்றுச் சத்தம் மட்டுமே கேட்கும். ஆட்டம் முடிந்ததும் ஏசிய அதே வாயெல்லாம் சிரித்தபடி சிறிதரனைத் தாண்டிப் போய் உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கும். கன்ரீன்காரி உங்களுக்கென்று தனியே ஹலால் பேர்கர் எடுத்து வைப்பாள்; சிறிதரன் போய் நின்றால் எல்லாம் முடிந்துபோச்சு என்பாள். எரியாதா? ஓம், ஏன் மறைப்பான், நல்லாகவே எரிந்தது! சனிக்கிழமைகளில் சேறு பிடித்த சட்டையைத் தோய்க்கப் போடும்போது அவர் துணைவியார் கமலேஸ்வரி, "இண்டைக்கு ஆர் வெண்டது?" என்று கேட்பாராம். "அலியார்" என்று பதில் வருமாம்.

நீதியின் நிறைகோலே! கடந்த ஆண்டின் இறுதியாட்டத்தை இந்தச் சபையிலே சொல்லாமல் விட முடியாது. ஆட்டம் முடியும் தறுவாய்; நீலச்சட்டை அணிக்கு நான்காவது முயற்சி; வேண்டியது ஒரு யார் தூரத்துக்கும் குறைவு. ஓடியவன் மேல் மலைபோல் ஆட்கள் விழுந்தார்கள். சிறிதரன் சேற்றிலே ஓடிவந்து பாதத்தை ஊன்றினார். நீங்கள் பாதத்தையும் பார்த்தீர்கள், குவியலையும் பார்த்தீர்கள், பிறகு பந்தை ஒரு முழம் பின்னால் வைத்தீர்கள்.

"நானா, இங்க!" என்றார் சிறிதரன்.

"நான் கண்டன் தம்பி, முழங்கால் அங்கயே பட்டுட்டு" என்றீர்கள்.

சங்கிலி வந்தது. நிரஞ்சினி தடியை நிலத்தில் ஊன்றி இழுத்துப் பிடித்தார். பந்துக்கும் தடிக்கும் நடுவே ஒரு சாண் வெளி. நீலச்சட்டைக்குப் பேர்ஸ்ட் டவுனும் இல்லை, கோப்பையும் இல்லை. அவர்களுடைய பயிற்றுநர் ஏசியது யாரை? தன் பக்கத்திலே நின்ற சிறிதரனைத்தான்! சரியான இடத்தைக் காட்டிய மனிதரைத்தான்!

அடுத்த கிழமை சங்கத்து விருந்திலே காணொளியைப் போட்டார்கள். முழங்கால் நிலத்தில் படவே இல்லை. பாதம் சரி, பந்து பிழை. நீங்கள் எழுந்து போய் ஒலிவாங்கியைப் பிடித்து, பிழை உங்களுடையது என்றும், சிறிதரன் காட்டிய இடமே சரியென்றும், நீலச்சட்டைப் பிள்ளைகள் மன்னிக்க வேண்டுமென்றும் ஆங்கிலத்தில் சொன்னீர்கள். மண்டபமே எழுந்து நின்றது. தோற்ற அணிதான் முதலில் எழுந்தது! கைதட்டல் ஓயவில்லை. யாருக்கு? பிழை விட்டவருக்கு! சரியாகச் சொன்னவரோ பொரித்த கோழிக்காலும் கையுமாகப் பின்வரிசையில் நின்றார். அதைக் கீழே வைத்துவிட்டு அவரும் தட்ட வேண்டியதாயிற்று. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே மருமகள் உடைக்கவேயில்லையே, ஐயா!

வீடு போகும் வழியெல்லாம், "நான் பிழை விடாதபடியால்தான் எனக்கு ஒருத்தரும் எழும்பேல்லை" என்று பொருமினார் சிறிதரன்.

"அப்ப நீங்களும் ஒரு பிழையை விடுங்கோவன்" என்றார் கமலேஸ்வரி.

இப்போது உங்கள் முழங்கால்கள் சத்திரசிகிச்சை கேட்கின்றன. வெள்ளைத் தொப்பி இனி யாருக்கு? அந்தக் கேள்வி சிறிதரனைச் சாப்பிடவும் விடவில்லை, நித்திரை கொள்ளவும் விடவில்லை. சிட்னி கெல்லிவில்லிலிருந்து பிரஷாந்தன் என்று ஒருவர் வேலை மாறி வருகிறாராம், அங்கே தொப்பி போட்டுப் பழகியவராம் என்று கதை வேறு அடிபட்டது. போன வியாழன் சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, தொப்பி சிறிதரனுக்கே என்றார். மனிதர் குசினிக்குள் துள்ளினார்! செயலாளர் அதோடு வாயை மூடியிருக்கலாம். அலியார் ஒற்றைக் காலில் நின்றார், சிறிதரனுக்குத் தராவிட்டால் பிரியாவிடைக்கே வரமாட்டேன் என்றார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அடடா! ஆண்டாண்டாக நோற்ற நோன்பு கடைசியில் உங்கள் கையால் வந்த வரமாகப் போயிற்றே!

"இதிலயும் அவர்தான்" என்று கதிரையில் தொப்பென்று இருந்தார் சிறிதரன்.

"எடுத்து ஒரு நன்றி சொல்லுங்கோ" என்றார் கமலேஸ்வரி.

எடுத்தார். நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: "நன்றியெல்லாம் வேணாம் தம்பி. அண்டைக்கு உங்கட காலப் பாத்தும் நான் நம்பல்ல. அது இன்னும் என்ட நெஞ்சில கிடக்கு."

சிறிதரனுக்கு அழுகை வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. அவர் நெஞ்சில் கிடந்ததையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டீர்கள்.

பழியை மறைக்காத பண்பே! பகையையும் எழுந்து நிற்கவைத்த பெருமையே! புது முழங்கால்கள் பொருந்தி, துணைவியார் பரீனா அவர்களோடு கடற்கரையெல்லாம் கைவீசி நடந்து, நோயில்லாமல், நொடியில்லாமல், நூறாண்டு நீங்கள் வாழ இறைவன் அருள் புரிக! வாழ்த்தோடு ஒரேயொரு விண்ணப்பம்: வருகிற பருவத்தின் முதலாட்டத்துக்கு மட்டும் தயவுசெய்து வராதீர்கள். வேலியோரம் உங்கள் தலை தெரிந்தால் அத்தனை சனமும் உங்களைத்தான் பார்க்கும். அன்று ஒரு நாளாவது சிறிதரனைப் பார்க்கட்டும்.

இரண்டாம் ஆட்டத்துக்குக் கட்டாயம் வாருங்கள். அதற்குள் அவர் ஒரு பிழை விட்டிருப்பார். அதை எல்லார் முன்னாலும் எப்படிச் சொல்வது என்று உங்களிடம் கேட்க வேண்டும்.

பாதமும் சங்கிலியுமாய் உங்களோடு சேற்றில் நின்ற
நடுவர் குழுவினர்,
நோபல் பார்க், மெல்பேர்ண்.