மூன்று பார் அழுத்தம்

காரைக்காலில் எங்கே போவதென்றாலும் வண்டியில் இருபது நிமிஷம்தான். கோவில்பத்தில் என் வீட்டிலிருந்து பாலிடெக்னிக்குக்குப் பன்னிரண்டு நிமிஷம். அதனால் இந்த ஊரில் யாரும் வண்டியைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. ஸ்டார்ட் ஆனால் போதும் என்று இருப்பார்கள். நான் யோசிப்பேன். பதினேழு வருஷமாக ஆட்டோமொபைல் லேபில் அதுதான் என் வேலை.

மர்யம் மேடம், நீங்கள் இன்ஸ்பெக்டர். எத்தனையோ பேர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்திருப்பீர்கள். நான் அழமாட்டேன். யாரும் என்னைக் கூட்டி வரவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் பிரதீபா. வயது நாற்பத்திரண்டு. சொந்த ஊர் நெரவி. பதவி, லேப் இன்ஸ்ட்ரக்டர். அப்படியென்றால் என்னவென்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. விரிவுரையாளர் போர்டில் இஞ்சின் படம் போடுவார். நான் இஞ்சினைப் பிரித்து, மாட்டி, ஓட்டிக் காட்டுவேன். பையன்கள் என்னிடம் கற்றுக்கொண்டு போய், ஆண்டு விழா மேடையில் அவருக்கு நன்றி சொல்வார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நடைமுறை அது.

தமிழ்வேந்தன் சார் எங்கள் துறைக்கு வந்து நான்கு வருஷம்தான் ஆகிறது. என்னைவிட ஏழு வயது சின்னவர். கோட்டுச்சேரியில் விவசாயக் குடும்பம். வகுப்பில் என்னை மேடம் என்பார், வெளியில் அக்கா என்பார். பதவியில் அவர் மேலே என்பதால் நான் எப்போதும் சார் என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கப்போவதில்லை.

போன ஐப்பசியில் அவருடைய அப்பாவின் பழைய நூறு சிசி வண்டியை மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். இருபத்தைந்து வருஷத்து வண்டி. மழைக்காலத்தில் சோக் இழுத்து, இருபது தடவை உதைத்தால்தான் கிளம்பும். இந்தக் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு ஃப்யூயல் இஞ்செக்‌ஷன் போட முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அவர் கேட்டது அந்த ஒரு கேள்விதான். அதற்கு நான் ஏழு மாதம் பதில் எழுதினேன்.

என்னென்ன செய்தேன் என்று சொல்லவேண்டும். இதை யாரும் இதுவரை கேட்கவில்லை. அந்த வண்டியின் காயில் தருகிற கரண்ட் ஹெட்லைட்டுக்கே பற்றாது. பெட்ரோலைத் தள்ளுகிற பம்புக்கு எங்கே போவது? காயிலைப் பிரித்து நானே கையால் சுற்றினேன். இஞ்சின் எந்த நிலையில் சுழல்கிறது என்று வண்டியில் வைத்த சின்னக் கம்ப்யூட்டருக்குத் தெரிய மேக்னட்டில் பல் சக்கரம் ஒன்று கடைந்து பொருத்தினேன். புகையை மோப்பம் பிடிக்கிற சென்சாருக்காக சைலன்சரில் ஓட்டை போட்டு, மூன்று தடவை வெல்டிங் விட்டுப்போய், நாலாவது தடவை நின்றது. காயலான் கடையில் கிடந்த ஸ்கூட்டரிலிருந்து, பெட்ரோலைப் பீச்சுகிற இஞ்செக்டர். அதற்குப் பிறகு லேப்டாப்பை வைத்துக்கொண்டு, எந்த வேகத்தில் எத்தனை சொட்டு என்று ஒவ்வொரு எண்ணாகப் போட்டு, திருத்தி, மறுபடியும் போட்டு. மே மாத லீவில் லேப் காலியாக இருந்தது. மேலே தகரக் கூரை. சோற்று டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போன நாட்கள் உண்டு.

மே பதினொன்றாம் தேதி, ஒரு பொத்தானை அழுத்தினேன். வண்டி கிளம்பியது. உதைக்கவில்லை, சோக் இழுக்கவில்லை. கடிகாரம் மாதிரி ஓடியது. தமிழ்வேந்தன் சார் கண் கலங்கிப்போய் இரண்டு கையாலும் என்னைக் கும்பிட்டார். அப்பா இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டார் என்றார்.

இப்போது பெட்ரோல் போகிற ஹோஸுக்கு வருகிறேன். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் தானாக இறங்கும், மாடித் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருகிற மாதிரி. எந்த ரப்பர் ட்யூபும் தாங்கும். இஞ்செக்‌ஷனில் பம்ப் தள்ளுகிறது. மூன்று பார் அழுத்தம். கார் டயருக்குள் இருக்கிற காற்றைவிட அதிகம். அதற்கென்று உள்ளே நூல் பின்னிய தடித்த ஹோஸ் வேண்டும். சோதனைக்காகச் சாதாரண ட்யூபை மாட்டியிருந்தேன். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்க்க அது போதும். நல்ல ஹோஸுக்குக் கோயம்புத்தூரில் சொல்லியிருந்தேன். இதை அவரிடமும் சொன்னேன். ஹோஸ் மாற்றுகிற வரைக்கும் காம்பவுண்டை விட்டு வெளியே எடுக்காதீர்கள் என்று நானே சொன்னேன். அவர் எடுக்கவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் கூரியர் வந்தது. அதே வாரத்தில் பேப்பரில் செய்தியும் வந்தது.

யார் சொல்லியோ ஒரு நிருபர் வந்து படம் எடுத்துப் போயிருந்தார். பழைய பைக்குக்குப் புது உயிர், காரைக்கால் விரிவுரையாளர் சாதனை என்று தலைப்பு. வண்டிமேல் தமிழ்வேந்தன் சார் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படத்தின் ஓரத்தில் ஹாண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஒரு கை. என்னுடையது. மணிக்கட்டோடு வெட்டியிருந்தார்கள். கடைசி வரியில், ஆய்வகப் பணியாளர் ஒருவரும் உதவினார் என்று இருந்தது.

அவர் அன்றைக்குக் காலையிலேயே லேபுக்கு ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நான் உங்க பேரைத்தான் மொதல்ல சொன்னேங்கக்கா. அவங்க போடாம வுட்டுட்டாங்க. போன் பண்ணிக் கேட்டுட்டேன்."

"பரவால்ல சார், இதுல என்ன இருக்கு" என்றேன்.

நான் அவரை நம்பவில்லை. ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல முடியாது. பதினேழு வருஷம் ஒரே விஷயத்தைப் பார்த்தவளுக்குக் காரணம் தேவைப்படாது.

புது ஹோஸைப் பார்சலோடு என் லாக்கரில் வைத்துப் பூட்டினேன்.

அவசரத்தில் செய்ததில்லை, மேடம். கோபத்தில் புத்தி கெட்டுப்போனது என்று பக்கத்தில் உங்கள் ரைட்டர் எழுதப் பார்க்கிறார், வேண்டாம். ஒரு வாரம் கழித்து அவர், ஹோஸ் வந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன். அப்படியென்றால் காத்திருக்கட்டுமா என்றார். தேவையில்லை, இருப்பதே தாங்கும், தினமும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் வந்தால்தான் எனக்கு ரீடிங் கிடைக்கும் என்றேன். அவர் நான் சொன்னால் கேட்பார். கோட்டுச்சேரியிலிருந்து தினமும் ஓட்டி வந்தார். தினமும் ஒரு நோட்டில் கிலோமீட்டரையும் பெட்ரோலையும் எழுதி என் மேஜையில் வைத்தார். கையெழுத்து அழகாக இருக்கும்.

ஜூன் கடைசியில், நின்றபடி ஓடும்போது ஐடிலிங் ஏறி இறங்குகிறது என்று வண்டியைக் கொண்டுவந்தார். சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். கிளாம்ப் பக்கத்தில் ட்யூப் புடைத்திருந்தது, கொப்புளம் மாதிரி. நேர் கீழே சைலன்சர் வளைவு. லாக்கர் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. மாற்றப் பத்து நிமிஷம் ஆகும். ஈரத்தை வேஸ்ட் துணியால் துடைத்தேன், ஐடிலிங்கைச் சரிசெய்தேன், சீட்டை மூடினேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டீர்கள். வண்டி நடுரோட்டில் நிற்கும், என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார், அப்போது இது யார் செய்த வண்டி என்று ஊருக்குத் தெரியும், அவ்வளவுதான் நினைத்தேன் என்று உங்களிடம் சொல்லலாமா என, வீட்டிலிருந்து கிளம்பும்போது எனக்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சூடான சைலன்சரில் பெட்ரோல் பட்டால் வண்டி நிற்காது, எரியும் என்று முதல் வருஷப் பையன்களுக்கு நான்தான் பாடம் நடத்துகிறேன்.

காரைக்கால் அம்மையார் திருவிழாவில் மாங்கனி இறைக்கிற அன்றைக்குக் கல்லூரி லீவு. காலை பத்தரை மணி இருக்கும். வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் போன் செய்தார்.

"அக்கா, வண்டியில பெட்ரோல் வாடை அடிக்குதுங்க. நேத்தைவிட இன்னைக்கு கூட இருக்கு. மாங்கனிக்குப் போகலாம்னு கெளம்புனோம், அஞ்சுகம் பின்னாடி ஒக்காரவே பயப்படுறா. வண்டிய வச்சுட்டு பஸ்ல போயிடட்டுமா?"

அஞ்சுகம் அவர் மனைவி. இரண்டு தடவை எனக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

"புது சிஸ்டம்ல சார், கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும். கூட்டத்துல பஸ் எங்க வரும்? வண்டியிலயே கூட்டிட்டுப் போங்க."

"நீங்க சொன்னா சரிங்கக்கா."

மனைவியும் வருகிறாள் என்பது எனக்குத் தெரியாது என்று போன மாதம் உங்கள் ஆட்கள் கேட்டபோது சொன்னேன். தெரியும். அந்த வாக்குமூலத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.

மீதி உங்களுக்கே தெரியும். கூட்டத்தில் முதல் கியரிலேயே ஊர்ந்து போயிருக்கிறார்கள். இஞ்சின் கொதித்திருக்கும். பம்ப் நிற்காமல் தள்ளிக்கொண்டே இருக்கும். நான் அமைத்தபடியே அது சரியாக வேலை செய்திருக்கிறது. ட்யூப் கழன்றது. அவர் முதலில் அஞ்சுகத்தைத் தள்ளிவிட்டார், பிறகுதான் இறங்கப் பார்த்தார் என்று சொன்னார்கள். பாண்டிச்சேரியில் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தார். அஞ்சுகம் அவர்மேல் பிடித்த தீயை அணைக்கப் போனதில் இரண்டு கையும் வெந்துவிட்டது.

பதினாறாம் நாள் போயிருந்தேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் உட்காரச் சொல்லி, அவருடைய பையைக் கண்ணால் காட்டினாள். உள்ளே ஒரு விண்ணப்பம் இருந்தது. அறிவியல் கண்காட்சிக்கு அனுப்ப அவர் தயார் செய்தது. உருவாக்கியவர் என்கிற இடத்தில், பிரதீபா, ஆய்வகப் பயிற்றுநர் என்று அவர் கையெழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே, உதவி, தமிழ்வேந்தன். தேதி மே பதினெட்டு. பேப்பரில் செய்தி வருவதற்கு இரண்டு வாரம் முன்னால்.

"உங்ககிட்ட கையெழுத்து வாங்கணும் வாங்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றாள். பிறகு, "யாரு என்ன சொன்னாலும் நீங்க மனசுல வச்சுக்காதீங்கக்கா. உங்க வேலையில குத்தம் வராதுன்னு அவரு சொல்லுவாரு" என்றாள்.

கையெழுத்துப் போட்டேன்.

நீங்கள் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். அந்தத் தாளைப் பார்த்து நான் உடைந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறீர்கள். நான் வேறு மாதிரி யோசித்தேன். மே பதினெட்டில் எழுதியது ஜூன் வரைக்கும் மாறாமல் இருந்திருக்கும் என்று யார் உறுதி சொல்வது? பேப்பரில் பேர் வந்தபிறகு மனிதர்கள் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர் மாறியிருக்கமாட்டார் என்று நீங்கள் சொல்லலாம். நீங்கள் அவரோடு வேலை பார்த்ததில்லை.

வருத்தம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். அஞ்சுகத்தின் கைகளுக்காக இருக்கிறது. அவள் பஸ்ஸில் போயிருக்கலாம்.

நான் இன்றைக்கு வந்ததற்குக் காரணம் அவள் இல்லை. நேற்று மத்தியானம், எரிந்த வண்டியைச் சோதித்த நிபுணர் குழுவின் அறிக்கை எங்கள் பிரின்சிபால் அறைக்கு வந்தது. விபத்து என்று முடித்து, கேஸை மூடப்போகிறார்கள். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. பழைய வண்டியில் போதிய அறிவின்றிச் செய்யப்பட்ட இஞ்செக்‌ஷன் மாற்றத்தில் வடிவமைப்புக் குறை, என்று. லேபில் எல்லோரும் அதைப் படித்தார்கள். பாவம், மேடம் தெரியாம செஞ்சுட்டாங்க என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். இரவெல்லாம் நான் தூங்கவில்லை.

அந்த வண்டியில் குறை எதுவும் இல்லை, மேடம். ஏழு மாதத்தில் ஒரு எண்கூடத் தப்பாகப் போடவில்லை. இதோ, கோயம்புத்தூர் பார்சல், பிரிக்கக்கூட இல்லை, கூரியர் தேதி மேலேயே இருக்கிறது. இதை மாட்டியிருந்தால் அந்த வண்டி இன்னும் பத்து வருஷம் ஓடும். யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் காட்டுங்கள். எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை. ட்யூப் விடும் என்று தெரிந்துதான் விட்டுவைத்தேன், எரியும் என்று தெரிந்துதான் அவரைப் போகச் சொன்னேன். தமிழ்வேந்தனைக் கொன்றது நான்.

அந்த மூன்றாம் பக்கத்து வரியை அடிக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் இதை எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள், என் பெயரை முழுசாகப் போட்டிருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.